சென்னையின் ஓரத்தில் சமுதாய வானொலி: அனுமதி பெறுவது முதல் மாதச் செலவைச் சமாளிப்பது வரை

செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் அறக்கட்டளை ஒரு சமுதாய வானொலியை, அதாவது சுற்றுவட்டார மக்களுக்காக இலாப நோக்கின்றி இயங்கும் ஒரு சிறு பண்பலை நிலையத்தை, நடத்திவருகிறது. முதல் விண்ணப்பத்தை அனுப்பிய நாளிலிருந்து முதல் ஒலிபரப்பு நாள் வரை 26 மாதங்கள் ஆயின. அவற்றில் ஏறத்தாழ 10 மாதங்கள் எங்கள் தவறுகளால் வீணாயின. ஒலிபரப்பு தொடங்கிய பிறகும் நிம்மதி வரவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் இருமுறை நிலையத்தை மூடும் நிலைக்கு வந்தோம். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் வானொலி தொடங்க நினைக்கும் அமைப்புகள் எங்களிடம் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

பெருநகரத்தின் அருகே இருக்கும் சிறு நிலையத்தின் சிக்கல், தொலைதூர மாவட்டத்தில் இருக்கும் நிலையத்தின் சிக்கலைப் போன்றதன்று. நகரத்துப் பண்பலைகள் அனைத்தும் உங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும் தெளிவாகக் கேட்கும். உங்கள் ஊர்க் கடைக்காரர்கூட நகரத்து வானொலியில் விளம்பரம் செய்வதையே பெருமையாகக் கருதுவார். நீங்கள் பயிற்சி கொடுத்து வளர்த்த அறிவிப்பாளர் ஓராண்டில் மின்சார ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்விடுவார். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த நிலைமையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

1. விண்ணப்பத்துக்கு முன் உங்கள் பத்துக் கிலோமீட்டரை நடந்து பாருங்கள்

சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 100 வாட். சிறப்பு நேர்வுகளில் மட்டும் 250 வாட் வரை பரிசீலிப்பார்கள். சென்னை போன்ற முதல் தர நகரத்தில் தனியார் பண்பலைக்கு அனுமதிக்கப்படும் திறன் 25 முதல் 50 கிலோவாட் வரை. அதாவது, அவர்களுடைய மிகக் குறைந்த அளவுகூட உங்களுடையதைப் போல 250 மடங்கு. இந்த வேறுபாட்டை முதல் நாளே ஏற்றுக்கொண்டால் பிற்பாடு பல தவறான முடிவுகளைத் தவிர்க்கலாம். சமதளமான நிலத்தில் உங்கள் ஒலி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் போகும்; குன்றுகளும் அடுக்குமாடிக் கட்டடங்களும் குறுக்கிட்டால் அதுவும் குறையும்.

அந்த வட்டத்தை வரைபடத்தில் வரைந்து, அதற்குள் வரும் ஊராட்சிகளின் பட்டியலை எழுதி, இரண்டு வாரம் நேரில் சென்று பாருங்கள். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்கள், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைகள், தொழிற்சாலைப் பேருந்துகள் நிற்கும் இடங்கள், நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் ஆகியவை போதும். "வானொலி கேட்பீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்காக "கேட்போம்" என்றே சொல்வார்கள். "நேற்று எந்தத் தகவல் தெரியாமல் உங்களுக்கு நேரமோ பணமோ வீணானது?" என்று கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் சாக்கு வந்ததா என்று தெரியாமல் மூன்று நாள் நெல்லோடு காத்திருந்தவரும், பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படுவது தெரியாமல் மாவு அரைக்க ஊற வைத்தவரும் தருகிற பதில்களே உங்கள் நிகழ்ச்சிப் பட்டியல். விண்ணப்பத்தில் சமுதாயத்தின் தேவையை விளக்கும் பகுதிக்கும் இந்தக் குறிப்புகளே சான்றாகும். ஆகவே தேதி, ஊர், பேசியவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

அவர்களிடம் எந்தக் கருவி இருக்கிறது என்பதையும் பாருங்கள். அலைபேசியில் பண்பலை கேட்கும்போது காதில் மாட்டும் கருவியின் கம்பிதான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. கம்பியில்லாத புளூடூத் கருவிகள் பெருகியதால் பல இளைஞர்களின் கைபேசியில் பண்பலை எடுப்பதே இல்லை. சில கைபேசிகளில் அந்த வசதியையே நீக்கிவிட்டார்கள். கைபேசிகளில் பண்பலை வசதி இருப்பதை உறுதிசெய்யுமாறு 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களை அறிவுறுத்தியது. ஆனாலும் உங்கள் ஊர் நிலவரத்தை நீங்களே எண்ணிப் பார்ப்பதே நல்லது.

2. அமைப்பின் ஆவணங்களைச் சரிசெய்யுங்கள்

தனி மனிதர், அரசியல் கட்சி, அதன் இணை அமைப்பு, இலாப நோக்குள்ள நிறுவனம் ஆகியோருக்கு அனுமதி கிடையாது. கல்வி நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், பதிவு பெற்ற சங்கங்கள், அறக்கட்டளைகள், இலாப நோக்கற்ற நிறுவனங்கள் ஆகியவை விண்ணப்பிக்கலாம். தன்னார்வ அமைப்பாக இருந்தால், விண்ணப்பிக்கும் நாளில் பதிவாகி மூன்று ஆண்டுகள் நிறைவடைந்திருக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கத்தின் துணை விதிகள், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்குகள், ஆண்டறிக்கைகள், நிர்வாகிகள் அனைவரின் முழு விவரமும் அடையாளச் சான்றும், வானொலி தொடங்குவதென்று நிர்வாகக் குழு நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல், இடத்தின் உரிமைப் பத்திரம் அல்லது நீண்டகால வாடகை ஒப்பந்தம், இடத்தைக் குறித்த வரைபடம்.

இதில் பலர் சறுக்கும் இடம் நிர்வாகிகளின் பட்டியல். நிர்வாகிகளைப் பற்றிய விசாரணை உள்துறை அமைச்சகம் வரை போகும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவர்கள், நிர்வாகிகள் மாறும்போதெல்லாம் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இறந்துபோன ஒருவரின் பெயர் பதிவாளர் அலுவலக ஏட்டில் அப்படியே இருக்க, உங்கள் விண்ணப்பத்தில் புதியவரின் பெயர் இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே நிலுவைத் தாக்கல்களை முடித்துவிடுங்கள். விசாரணை முடியும்வரை நிர்வாகக் குழுவை மாற்றாதீர்கள். பெயர்களின் எழுத்தும் முதலெழுத்தும் ஆதார், பத்திரம், விண்ணப்பம் ஆகிய மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். நம் ஊரில் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னோர் ஆவணத்தில் பின்னாலும் வருவதே பெரிய தொல்லை.

3. கோபுரத்துக்கான இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

நான் இந்தப் படியை விண்ணப்பத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டதும் எங்கள் 10 மாத இழப்புக்கு ஒரு காரணம். விண்ணப்பத்தில் குறிப்பிடும் இடத்தில்தான் கோபுரம் நிற்க வேண்டும். பிறகு வேறு மாடிக்கோ வேறு தெருவுக்கோ மாற்றினால் இட அனுமதியை மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கும். ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. 15 மீட்டருக்குக் குறையவும் கூடாது. கம்பிகள் இழுத்துக் கட்டும் கோபுரமானால் அடித்தளத்தைச் சுற்றி நாற்புறமும் இடம் தேவைப்படும். வாடகை மாடியானால், உரிமையாளர் பத்து ஆண்டுகளுக்குக் குறையாத ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.

சென்னையைச் சுற்றியுள்ளவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணம் கடற்படை விமானத் தளம், கல்பாக்கம் அணுமின் நிலையம் ஆகியவை இந்த வட்டாரத்திலேயே உள்ளன. 'சாக்ஃபா' என்று அழைக்கப்படும் இட அனுமதியில், கோபுரத்தின் உயரமும் இருப்பிடமும் விமானப் பாதைகளுக்கும் மற்ற வானலை நிலையங்களுக்கும் இடையூறாகுமா என்று பல துறைகள் பார்க்கும். எனவே அவற்றுக்கு அருகில் இருப்பதைவிடச் சற்றுத் தள்ளியுள்ள ஊராட்சியில் இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதும்போது எவ்வளவு கவனம் தேவை என்பதற்கு எங்களுக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். எங்கள் இடம் 12 பாகை 41 நிமிட அட்சரேகையில் உள்ளது. தசம முறையில் எழுதினால் அது 12.68 பாகை. படிவம் நிரப்பிய எங்கள் தன்னார்வலர், நிமிடத்தைத் தசமமாக மாற்றாமல் 12.41 என்று ஓர் இடத்தில் எழுதிவிட்டார். அந்த எண்ணின்படி எங்கள் கோபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே, அச்சிறுபாக்கத்துப் பக்கம் போய்விடுகிறது. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு இடங்கள் இருந்ததால் கோப்பு திரும்பி வந்தது. திருத்தி அனுப்பி, அது மறுபடியும் வரிசையில் சேர்ந்து, பழைய நிலைக்கு வர ஏழு மாதங்கள் ஆயின. ஒரே ஆள் ஒரே நாளில் எண்களைக் குறித்து, அதே தாளைப் பார்த்தே எல்லாப் படிவங்களையும் நிரப்பட்டும். நிரப்பிய பின் இன்னொருவர் அந்த எண்களைக் கைபேசி வரைபடத்தில் தட்டிப் பார்த்து, புள்ளி உங்கள் மாடியில் விழுகிறதா என்று உறுதிசெய்யட்டும்.

4. விண்ணப்பம் முதல் ஒலிபரப்பு வரை: வரிசையும் காலமும்

விண்ணப்பம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு இணையவழியில் போகிறது. அமைச்சகம் மற்ற அமைச்சகங்களின் கருத்தைப் பெற்ற பிறகு உத்தேச அனுமதிக் கடிதம் தரும். இத்துறையில் எல்லோரும் அதை 'எல்.ஓ.ஐ.' என்றே சொல்வார்கள். அந்தக் கடிதம் வந்ததும் பலர் விழா எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் கடிகாரம் ஓடத் தொடங்குவது அன்றுதான். 2024 பிப்ரவரியில், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த தென்மண்டல மாநாட்டில் வெளியிடப்பட்ட புதிய வழிகாட்டு நெறிகளின்படி அது ஓராண்டு செல்லும். எதிர்பாராத காரணங்களுக்காக மேலும் மூன்று மாதம் தரப்படும். அந்தக் காலத்துக்குள் தொலைத்தொடர்புத் துறையின் வானலைப் பிரிவில் அலைவரிசை ஒதுக்கீட்டையும் 'சாக்ஃபா' இட அனுமதியையும் பெற வேண்டும். அதன் பின் அமைச்சகத்துடன் 'கோபா' எனப்படும் அனுமதி ஒப்பந்தம் கையெழுத்தாகும். கடைசியாக வானலை இயக்க உரிமம். இந்த உரிமம் கைக்கு வராமல் சோதனைக்காகக்கூட ஒலிபரப்பியை ஆன்டெனாவில் இணைத்து ஒலிக்கவிடாதீர்கள்.

எல்.ஓ.ஐ. வருவதற்கு முன்பே அலைவரிசை விண்ணப்பத்துக்கான தாள்களைத் தயாராக வைத்திருங்கள். கடிதம் வந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அலைவரிசையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. 90.4, 90.8, 107.8 போன்ற சில எண்களே சமுதாய வானொலிகளுக்குத் திரும்பத் திரும்ப ஒதுக்கப்படுகின்றன. சென்னையில் 2004 பிப்ரவரி முதல் ஒலிக்கும் அண்ணா பண்பலையும் 90.4, பாம்பன் மீனவர்களின் கடல் ஓசையும் 90.4. எனவே, எண் உறுதியாகும் முன் பெயர்ப்பலகை, சுவரொட்டி, முத்திரை எதையும் அச்சடிக்க வேண்டாம்.

அனுமதி ஒப்பந்தம் முதலில் பத்து ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். பல மாவட்டங்களில் பணியாற்றும் அமைப்பு ஆறு நிலையங்கள் வரை நடத்தலாம் என்பதும் புதிய நெறிகளில் உள்ளது. ஆனால் ஒரு நிலையத்தின் மாதச் செலவு தானாக வரத் தொடங்கும்வரை இரண்டாவதை நினைக்கவே வேண்டாம்.

5. தொடக்கச் செலவு

அனுமதிக் கட்டணம் என்று எதுவும் இல்லை. நாங்கள் விண்ணப்பித்தபோது பரிசீலனைக் கட்டணம் 2,500 ரூபாயும் வங்கி உத்தரவாதம் 25,000 ரூபாயும் கேட்டார்கள். இவை தவிர, அலைவரிசைப் பயன்பாட்டுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. பெரிய செலவு உபகரணங்களில்தான். ஒலிபரப்பி, ஆன்டெனா, கோபுரம், இடிதாங்கி, ஒலித்தடுப்பு செய்த ஓர் அறை, மிக்ஸர், நான்கு மைக்குகள், இரண்டு கணினிகள், வெளியிடப் பதிவுக்கு இரண்டு கையடக்க ரெக்கார்டர்கள், இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு எங்களுக்கு ஏறத்தாழ 14 லட்சம் ஆனது.

உபகரணச் செலவில் ஒரு பங்கைத் தரும் அமைச்சகத் திட்டம் ஒன்று உண்டு. அதன் உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய். அது உபகரணங்களுக்கு மட்டுமே, சம்பளத்துக்கோ வாடகைக்கோ அன்று. அந்தத் தொகை வரும் நாளை நம்பி வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். இரண்டாம் கை ஒலிபரப்பியையும் வாங்காதீர்கள். ஒலிபரப்பி வாங்கும்போது, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒலிபரப்பு மூன்று மாதங்களுக்கு மேல் நின்றுபோனால் அனுமதியே இரத்தாகக்கூடும் என்பதால் இந்த ஒரு வரி மிக முக்கியம்.

6. மாதச் செலவை 24 மாதத்துக்கு எழுதிப் பாருங்கள்

இந்த வேலையை விண்ணப்பத்துக்கு முன்பே செய்யுங்கள். எங்கள் தற்போதைய மாதக் கணக்கு இது: நான்கு பேரின் ஊதியம் 48,000, மின்சாரம் 6,000, ஜெனரேட்டர் டீசல் 3,000, இணையம் 1,000, வெளியிடப் பதிவுக்கான பயணம் 4,000, பழுதுபார்ப்புச் சேமிப்பு 5,000. ஆக மொத்தம் 67,000 ரூபாய். இடம் எங்களுடையதே என்பதால் வாடகை இல்லை.

பழுதுபார்ப்புச் சேமிப்பை எந்த மாதமும் தொடாதீர்கள். முதல் ஆண்டில் நாங்கள் அதைச் சம்பளத்துக்கு எடுத்துவிட்டோம். மின்னல் தாக்கி ஒலிபரப்பியின் திறன்பெருக்கிப் பகுதி எரிந்தபோது கையில் காசில்லாமல் 19 நாள்கள் ஒலிபரப்பு நின்றது. திரும்ப வந்தபோது எங்கள் காலை நிகழ்ச்சியைக் கேட்டுவந்த பல கடைகளில் வேறு வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

வருமானம் முழு அளவில் வரத் தொடங்க ஒன்றரை ஆண்டாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 12 மாதச் செலவு, அதாவது எங்கள் அளவில் 8 லட்சம் ரூபாய், வங்கியில் இருந்தாலொழிய ஒலிபரப்பைத் தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

7. பணம் எங்கிருந்து வரும்

2024-இன் நெறிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் ஒலிபரப்பலாம். முன்பு இது 7 நிமிடமாக இருந்தது. அரசு விளம்பரத்துக்கான விலை 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்ந்தது. கணக்குப் போட்டால் 12 நிமிடத்துக்கு 72 பத்து நொடிகள், மணிக்கு 5,328 ரூபாய் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக வரும். அந்தக் கணக்கை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். 12 நிமிடமும் நிறைந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் இதுவரை கண்டதில்லை. நடைமுறையில் கிடைப்பது, 30 நொடி விளம்பரம் ஒன்று நாளுக்கு நான்கு முறை, 15 நாள்களுக்கு; அதற்கு 13,320 ரூபாய். அப்படி மாதத்துக்கு இரண்டு கிடைத்தால் நல்ல மாதம். தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தால் அரசு விளம்பரம் பெரும்பாலும் வராது.

அரசு விளம்பரம் பெற மத்திய அரசின் விளம்பரப் பிரிவில் நிலையத்தைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். விளம்பரம் ஒலித்த ஒவ்வொரு முறைக்கும் நாள், நேரம், நொடி ஆகியவற்றோடு ஒலிபரப்புச் சான்றிதழ் தர வேண்டியிருப்பதால் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். தனியாரோ அரசோ, யாருடைய விளம்பரமானாலும் ஒலித்த மாதத்திலேயே பணம் வந்துவிடாது. நான்கு மாதம் கழித்து வந்த தொகைகளும் எங்களிடம் உண்டு. அதனால் அரசு வருமானத்தைச் சம்பளத்தோடு இணைக்காமல், சம்பளத்தை உள்ளூர் வருமானத்திலிருந்தே கொடுக்கப் பழகுங்கள்.

உள்ளூர் விளம்பரத்தில்தான் நிலையத்தின் உயிர் இருக்கிறது. உள்ளூர் நிகழ்வுகள், உள்ளூர்க் கடைகள், சேவைகள், வேலைவாய்ப்பு ஆகியவற்றின் விளம்பரங்களையே சமுதாய வானொலிக்கென விதிகள் கருதுகின்றன. பொது நலத் தகவல்களுக்காக அரசும் பிற அமைப்புகளும் பணம் கொடுத்து வழங்கும் நிகழ்ச்சிகளைத் தவிர, மற்ற ஸ்பான்சர் நிகழ்ச்சிகளுக்கு இடமில்லை. முதல் ஆண்டில் நாங்கள் நகரத்துப் பெரிய கடைகளின் படியேறி அலைந்தோம். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "சென்னையில் கேட்குமா?" என்பது. கேட்காது என்று சொன்னதும் பேச்சு முடிந்தது. பிறகுதான் வழி புரிந்தது. எங்கள் வட்டத்துக்குள் இருக்கும் உரக்கடை, பம்புசெட் பழுதுபார்ப்பவர், திருமண மண்டபம், தட்டச்சுப் பயிலகம், தனியார் பள்ளி, கால்நடைத் தீவனக் கடை, நாற்று வளர்ப்பவர் ஆகியோருக்குச் சென்னையில் கேட்பதால் எந்தப் பயனும் இல்லை. பக்கத்து ஆறு ஊர்களில் கேட்டால் போதும்.

ஒரு தீவனக் கடைக்காரர் எங்களைப் பார்த்து, "உங்க ரேடியோல சொன்னா யாரு கேக்கறாங்கனு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்றார். அது நியாயமான கேள்வி. அவருடைய விளம்பரத்தை ஒரு வாரம் இலவசமாக ஒலிபரப்பி, வானொலியில் கேட்டதாகச் சொல்பவருக்கு மூட்டைக்கு பத்து ரூபாய் குறைப்பதாக அறிவித்தோம். அவர் கல்லாப் பக்கத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, வந்து சொன்னவர்களுக்குக் கோடு போட்டார். ஏழு நாளில் 31 கோடுகள். அதன் பிறகு மாதம் 1,500 ரூபாய் கட்டணத்துக்கு அவர் தயங்கவில்லை. அட்டையை நாங்கள் வாங்கி வந்து மற்ற கடைகளில் காட்டினோம். இப்போது 22 கடைகள் அதே தொகையைக் கொடுக்கின்றன. மாதம் 33,000 ரூபாய், ஏறத்தாழ எங்கள் செலவில் பாதி. ஒரு கடைக்கு அதிகக் கட்டணம் வாங்குவதைவிடப் பல கடைகளுக்குக் குறைந்த கட்டணம் வைப்பது நல்லது. ஒருவர் விலகினால் நிலையம் ஆடாது.

மீதிக்கு மூன்றாவது வழியாக, பயிற்சியும் ஒலிப்பதிவும் உதவுகின்றன. ஊடகம் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கான பயிற்சிக் கட்டணம், பள்ளி ஆண்டுவிழா ஒலிப்பதிவு, தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு நிகழ்ச்சித் தயாரிப்பு ஆகியவை அந்த வகை. நகரத்துக்கு அருகில் இருப்பதன் நன்மை இதில்தான் கிடைக்கிறது.

வரி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். சரக்கு சேவை வரிப் பதிவுக்கான 20 லட்ச ரூபாய் வரம்பில் வானொலி வருமானம் மட்டுமின்றி உங்கள் அமைப்பின் மற்ற வரவுகளும் சேரும். பொதுப் பயன்பாட்டு நோக்கத்தில் வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையானால், வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டும் ஆண்டில் வருமான வரி விலக்குக்கே சிக்கல் வரலாம். முதல் விளம்பரத்துக்குப் பில் எழுதும் முன் பட்டயக் கணக்காளரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

8. எதை ஒலிபரப்பலாம், எதைக் கூடாது

சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி ஒலிபரப்பலாம். மின்தடை, குடிநீர் விநியோகம், வானிலை, போக்குவரத்து, தேர்வு, மாணவர் சேர்க்கை, வேலைவாய்ப்பு, திருவிழா, இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை ஆகிய தகவல்கள் செய்தி என்ற கணக்கில் வராது. அரசியல் பேச்சுக்கு இடமில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் "ஐந்து நிமிடம் வாழ்த்துரை" என்று வந்து உட்கார்ந்து கட்சி பேசத் தொடங்குவது எல்லா நிலையங்களிலும் நடப்பது. பதிவு செய்தே ஒலிபரப்புங்கள். அவரை நேரலையில் விடாதீர்கள். ஒலிபரப்பான எல்லா நிகழ்ச்சிகளையும் மூன்று மாதம் சேமித்து வைக்க வேண்டியது கட்டாயம். நாங்கள் இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் வைக்கிறோம்.

நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும். ஆலோசனைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் புதிய நெறி. இதைத் தாளில் மட்டும் எழுதி வைக்கும் நிலையங்கள் உண்டு. எங்கள் குழுவில் இருக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள் சொல்லித்தான் பிற்பகல் ஒலிபரப்பை நிறுத்தி, விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கினோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பேருந்துகள் அந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன. அதே நேரத்தில்தான் பால் கறப்பவர்களும் சமைப்பவர்களும் விழித்திருக்கிறார்கள்.

திரைப்பாடல் ஒலிபரப்புவதில் நகரத்துப் பண்பலைகளுடன் போட்டியிடாதீர்கள். ஒரு பாடலுக்கு வரிக்கும் இசைக்குமான உரிமை ஒன்று, ஒலிப்பதிவுக்கான உரிமை இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடமும், இரண்டாவது பி.பி.எல். அமைப்பிடமோ அந்தந்த இசை நிறுவனத்திடமோ இருக்கும். இரண்டுக்கும் எழுத்தில் உரிமம் பெறாமல் "சின்ன வானொலிதானே" என்று ஒலிபரப்பினால் வரும் அறிவிப்பு சின்னதாக இராது. தில்லியை ஒட்டிய குருகிராமில் 2009 முதல் ஒலிக்கும் 'குர்கான் கி ஆவாஸ்' என்ற நிலையம், திரையிசையைத் தவிர்த்து உள்ளூர் மக்களின் பாடல்களையே பதிவுசெய்து ஒலிபரப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தது. அந்த வழியே எங்களுக்கும் ஒத்துவந்தது. நடவுப் பாட்டு, தெருக்கூத்துப் பாடல், இருளர் குடியிருப்புகளின் பாடல்கள், பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு என்று 600-க்கு மேல் பதிவுகள் சேர்ந்துள்ளன. ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவரின் பெயர், நாள், பாடலின் முதல் வரி, கொடுத்த தொகை, ஒலிபரப்பச் சம்மதம் ஆகியவற்றோடு ஒரு தாளில் கையொப்பமோ கைரேகையோ வாங்கி வையுங்கள்.

9. ஆட்கள் விலகிப்போவதை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்

குரல் நன்றாக உள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தோம். இரண்டாண்டில் ஐவர் சென்னைக்குப் போனார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை, நாங்கள் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு ஊதியம் அங்கே கிடைத்தது. இப்போது, ஊரைவிட்டுப் போகத் தேவையில்லாதவர்களையே முதலில் பார்க்கிறோம்: பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் நான்கு மணி நேரம் ஒதுக்கக்கூடிய பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், விவசாயம் செய்துகொண்டே வரக்கூடியவர்கள். ஒவ்வொரு வேலையையும் குறைந்தது இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். ஒலிபரப்பியை இயக்கும் முறையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை ஒருவர் நினைவில் மட்டும் விடாதீர்கள்.

10. மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் இந்த மாவட்டங்களில் மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. அந்நாள்களில் மின்கலத்தில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டி மட்டுமே பல வீடுகளில் பேசும். பெருநகர நிலையங்கள் நகரத்து நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, உங்கள் ஏரியின் மதகு திறக்கப்பட்டதா என்று சொல்ல நீங்கள் மட்டுமே இருப்பீர்கள். அன்று நிலையம் ஒலிக்க வேண்டுமானால் வேலை செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும்.

கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் விறைப்பையும் துருவையும் பயிற்சி பெற்ற ஆளை வைத்துச் சோதியுங்கள். 1,500 ரூபாய் கூலி மிச்சம் பிடிக்க நிலையத்துப் பையனை ஏற்றாதீர்கள். இடிதாங்கியின் நில இணைப்பில் தண்ணீர் ஊற்றி அதன் மின்தடையை (ரெசிஸ்டன்ஸ்) அளக்கச் சொல்லுங்கள். 150 ஆம்பியர்-மணி மின்கலங்கள் இரண்டு இருந்தால், குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஒலிபரப்பி, மிக்ஸர், ஒரு மடிக்கணினி ஆகியவற்றை மட்டும் வைத்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஓட்டலாம். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதான மின்சாரத்தை நிறுத்தி, உண்மையில் எத்தனை மணி நேரம் வருகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். டீசல் 40 லிட்டர் முன்கூட்டியே வாங்கி, கட்டடத்துக்கு வெளியே பூட்டிய கொட்டகையில் வையுங்கள். வட்டாட்சியர், ஊராட்சிச் செயலர்கள், மின்வாரிய உதவிப் பொறியாளர், நீர்வளத் துறை ஏரி அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியோரின் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி ஒலிப்பதிவு அறைக்குள் ஒட்டிவிடுங்கள். கைபேசியில் மட்டும் இருந்தால் மின்னூட்டம் தீர்ந்த நேரத்தில் அந்த எண்கள் கிடைக்காது.